முருகேஸ்வரி வாயில் யார் குரல்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் அடுப்புக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது போனை.

சென்னையில் இருக்கும் என் சித்தி மகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி வேறு – ‘உங்க போடிதானேக்கா? பாவம்ல... இன்னமும் இப்படியா இருக்காங்க!’ பக்கத்தில் வரிசையாக அழுகிற பொம்மைகள்.

தேர்தல் விளம்பரம். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் பாதிப் பேர் மேற்கொண்டு படிக்காமலேயே சண்டைக்கு வருவீர்கள். தவிர, கட்சிக்குக் கட்சி மாறுவது கடைசியில் வருகிற சின்னம் மட்டும்தானே? புல்லாங்குழல் ஒன்றுதான். மெதுவாக நகர்கிற மேகம் ஒன்றுதான். வெடித்த நிலத்தில் குந்தி வானத்தைப் பார்க்கிற விவசாயியும் ஒருவர்தான்.

இந்த விளம்பரத்தில் பச்சை மலைச்சரிவு. கிழிந்த சேலை, வெறுங்கால், பரட்டைத் தலையோடு ஒரு பெண். முதுகில் கூடை. கன்னத்தில் அழுக்கு. கேமரா நெருங்கிப் போகிறது. அந்தப் பெண் தழுதழுத்த குரலில் பேசுகிறாள்.

“நாங்க படிக்காத சனங்க சாமி... எங்களுக்கு என்னங்க தெரியும்? மொதலாளி அடிச்சாலும் வாங்கிக்கிட்டு, ஊத்துற கஞ்சியக் குடிச்சுக்கிட்டு மூலையில கெடப்போம்ங்க... எங்களுக்கு ஒரு விடிவுகாலம் வராதுங்களா சாமி?”

உடனே வெள்ளைச் சட்டைக் கை ஒன்று நீளுகிறது. அவள் அதைப் பிடித்துக்கொள்கிறாள். சூரியன் உதிக்கிறது. சின்னம் வருகிறது.

‘யாரோ பாவம்’ என்று நினைத்த அடுத்த நொடி அந்த முகத்தை அடையாளம் கண்டேன். முருகேஸ்வரி! எங்கள் பின் தெரு முருகேஸ்வரி! பால் பொங்கியது அப்போதுதான்.

அவளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போடியிலிருந்து விடிவதற்குள் ஜீப் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, காலில் கேன்வாஸ் ஷூ, தலையில் தொப்பி, காதில் பாட்டுக் கேட்கும் கருவி. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் எங்கள் தெருவுக்காகக் குரல் கொடுப்பது அவள்தான். அந்தக் குரல் கொட்டகுடி ஆற்றுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்.

இவள் ‘எங்களுக்கு என்னங்க தெரியும் சாமி’ என்று சொல்வாளா? அதுவும் கோயம்புத்தூர்ப் பேச்சில்? அடுப்பை அணைத்துவிட்டு, வழிந்ததைத் துடைக்காமல், நேராக அவள் வீட்டுக்கு ஓடினேன்.

அங்கே எனக்கு அடுத்த அதிர்ச்சி. வீட்டுக்குள் ஒரே சிரிப்பு!

அவளோடு ஜீப்பில் போகிற பெண்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். நடுவில் மூத்தவளான பவுன்தாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா! இவ செஞ்ச கூத்தப் பாத்தீங்களா? ஏலக்காய்க்குப் போறவ தேயிலை கிள்ளிக்கிட்டு நிக்கிறா! அதுவும் வெரல்ல கிள்ளாம, கீரைய உருவுற மாதிரி உருவுறா!”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது தேயிலைத் தோட்டம். ஏலக்காயோ, செடியின் அடியில் காய்ப்பது. குனிந்து, குந்தி எடுக்க வேண்டும். முதுகுக் கூடைக்கே அங்கே வேலை கிடையாது. நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. விளம்பரத்தைப் பார்த்தபோது எனக்கே அது உறைக்கவில்லை என்றால், சித்தி மகளை என்ன சொல்ல?

“ஏண்டி, இது எப்ப நடந்துச்சு?” என்றேன்.

முருகேஸ்வரி சொன்ன கதையை அப்படியே தருகிறேன். போன மாதம் ஒருநாள் வேலை முடிந்து திரும்பும்போது, மெட்டில் டீ குடிக்க ஜீப்பை நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே ஒரு வேன் நிறைய ஆட்கள், கேமராக்கள். தோட்டத்து வேலை செய்கிற பெண்களைப் பற்றிப் படம் எடுக்கிறோம் என்றிருக்கிறார்கள். கட்சி என்ற வார்த்தையே வரவில்லை.

“நம்ம கஷ்டத்தக் கேக்குறாய்ங்க, சொல்லிப்புடுவோம்னு எறங்குனேன் யக்கா. மொத ஏலக்காட்டுக்குள்ளதான் கூட்டிட்டுப் போனாய்ங்க. உள்ள நெழலா இருக்கு, வெளிச்சம் பத்தலன்னு ரோட்டோரத் தேயிலைக்குக் கொண்டாந்துட்டாய்ங்க. அப்புறம் சட்டையக் கழட்டச் சொன்னாய்ங்க, தொப்பியக் கழட்டச் சொன்னாய்ங்க. ஷூவையும் கழட்டச் சொன்னாய்ங்க. அட்டைப்பூச்சி ஏறும் தம்பின்னேன். அதுக்கு அந்தப் படம் எடுக்குறவரு என்ன சொன்னாரு தெரியுமா?”

“என்ன சொன்னாரு?”

“‘சூப்பர்மா, ஏறுச்சுன்னா அதையும் எடுத்துக்கலாம்’னாரு!”

மறுபடியும் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு மேக்கப் போடுகிற பெண் ஒரு டப்பாவைத் திறந்து அவள் கன்னத்தில் அழுக்கைப் பூசியிருக்கிறாள். அழுக்குக்கென்று தனியாக டப்பா விற்கிறதாம்! நாம் காசு கொடுத்து சோப்பு வாங்கிக் கழுவுகிறோம். அவர்கள் காசு கொடுத்து அழுக்கை வாங்கி நமக்குப் பூசுகிறார்கள்.

இது இவளுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. தேவாரம் ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி சொந்தமாக டிராக்டர் வைத்திருக்கிறார். போன தேர்தலுக்கு அவரைப் படம் எடுக்க வந்தவர்கள் டிராக்டரைக் கொட்டகைக்குள் விடச் சொல்லிவிட்டு, வெளியூரிலிருந்து ஏர்மாடு கொண்டுவந்தார்களாம். மாடு அவருக்கு அடங்கவில்லை. அவரும் மாட்டுக்குப் பழக்கமில்லை. யானை புகுந்தது போலச் சோளக்காடு முழுக்க மாடு ஓடியது. கடைசியில் அவர் மாட்டின் பின்னால் ஓடியதை எடுத்து ‘வாழ்க்கையோடு போராடும் விவசாயி’ என்று போட்டுவிட்டார்கள்.

இதற்குமே ஊர் சிரித்தது. நம் ஜனங்கள் முதலில் சிரிப்பார்கள். அதைத்தான் படம் எடுக்கிறவர்கள் ‘வெள்ளந்தி’ என்று எழுதிக்கொள்கிறார்கள்.

“சரி... மொதலாளி அடிச்சாலும் வாங்கிக்கிட்டுன்னு நீ சொன்னியா?” என்று கேட்டேன்.

“யக்கா! அது எங்குரலே இல்ல! அந்தாளு எங்கள எதுக்கு அடிக்கணும்? நான் பேசுனது வேற.”

“பின்ன என்ன பேசுன?”

முருகேஸ்வரி வாசலை எட்டிப் பார்த்தாள். வெளியே ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார் தவமணி. வருடக்கணக்காக இவர்களை மலைக்கு ஏற்றி இறக்குகிறவர். அவள் என் காதருகே வந்து குரலை இறக்கினாள். அவள் குரல் இறங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“பஸ்சு விடச் சொன்னேன் யக்கா. ஜீப்புல அடைச்சுக்கிட்டுப் போறது பயமா இருக்குன்னு சொன்னேன். தவமணி அண்ணங்கிட்டச் சொல்லிப்புடாதீங்க, மனசு விட்டுருவாரு.”

நியாயம்தானே? பஸ் வந்தால் அவர் ஜீப் என்ன ஆகும்? நான் வாயை மூடிக்கொண்டேன். அத்தோடு இந்தக் கதை முடிந்திருந்தால் நானும் இரண்டு நாள் கோபப்பட்டுவிட்டு வேறு எதையாவது எழுதியிருப்பேன்.

திங்கட்கிழமை சிரிப்பு நின்றுபோனது.

விடியற்காலையில் எல்லாரும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு, தோட்டத்து சூப்பர்வைசர் பிஜு தவமணிக்குப் போன் போட்டிருக்கிறார். “மொதலாளி பயங்கர தேஷ்யத்திலா. இனி வண்டி இங்ஙோட்டு வரண்டா.” முதலாளி கடுங்கோபத்தில் இருக்கிறார், இனி வண்டியே வர வேண்டாம். அவ்வளவுதான். வீடியோ மலையேறிவிட்டது. முதலாளியின் சொந்தக்காரர்கள், சர்ச் நண்பர்கள், பக்கத்துத் தோட்டக்காரர்கள் என்று எல்லாரும் அவருக்கே அனுப்பி, ‘நீ பெண்களை அடிக்கிறாயாமே?’ என்று கேட்டிருக்கிறார்கள்.

வேலை போனது முருகேஸ்வரிக்கு மட்டும் அல்ல. அந்த மலையில் ஒரு ஜீப் ஆட்கள் என்றால் ஒரு செட். எடுத்தால் மொத்தமாக எடுப்பார்கள், நிறுத்தினால் மொத்தமாக நிறுத்துவார்கள். காய் எடுப்பு நடக்கிற நேரம். மற்ற தோட்டங்களில் எல்லாம் ஏற்கெனவே ஆட்கள் நிரம்பியாயிற்று. யாரோ ஒருவர் எங்கோ ஒரு ஏசி அறையில் உட்கார்ந்து எழுதிய வசனம், ஒரு ஜீப் பெண்களைக் காலங்காத்தாலே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டது!

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போனபோது, முந்தின நாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்த அதே பவுன்தாய் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

“ஒன்ன யாருடி எறங்கச் சொன்னது? டீயக் குடிச்சோமா ஏறுனோமான்னு இருந்திருந்தா இந்த வெனை வருமா? எம்மகளுக்கு இது நெற மாசம். நான் யாருகிட்டப் போயி வேலைக்கு நிப்பேன்?”

முருகேஸ்வரி பிஜுவுக்குப் போன் போட்டிருந்தாள். ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்றதற்கு, ‘வாய் அசையுதே சேச்சி’ என்று வைத்துவிட்டாராம். அவள் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் சும்மா இருப்பேனா? கட்சி ஆபீசுக்குப் போனேன். உள்ளூர்ப் பொறுப்பாளர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லி ஜில்லென்று தண்ணீர் கொடுத்தார்.

“அதெல்லாம் மெட்ராஸ்ல பண்றதுக்கா. எங்களுக்கே வாட்ஸப்புலதான் வந்துச்சு. ஆனா நல்லா எடுத்திருக்காய்ங்க, என்ன? எங்க வீட்ல பாத்துட்டு அழுதுட்டாக.”

“அந்தப் பொண்ணுக்கு வேலையே போச்சுங்க!”

“அச்சச்சோ... பாத்தீங்களா? இந்த மாதிரிக் கொடுமையெல்லாம் ஒழியணும்னுதான் நாங்க வர்றோம்.”

தண்ணீர் கிளாசை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான், அவர் நக்கல் செய்யவில்லை, நிஜமாகவே சொன்னார் என்பது புரிந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை தவமணி யாரும் கேட்காமலேயே காலி ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையேறினார். முதலாளியை நேரில் பார்த்துப் பேசி வருகிறேன் என்று கிளம்பினார். சாயங்காலம் எல்லாரும் ஜீப் ஸ்டாண்டில் அவருக்காகக் காத்திருந்தோம். பவுன்தாயும் இருந்தாள். முருகேஸ்வரியோடு பேசாமல் தள்ளி நின்றாள்.

காத்திருந்த நேரத்தில் பவுன்தாய் தன் போனை எடுத்து அந்த விளம்பரத்தை மறுபடியும் பார்த்தாள். மழையில் நனைந்து சத்தம் வராமல் போன போன் அது. கொஞ்ச நேரம் பார்த்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

“ஏய் முருகேசு... நீ இதுல ‘பஸ்சு’ன்னுல்ல சொல்ற!”

நான் போனை வாங்கிப் பார்த்தேன். புல்லாங்குழல் இல்லை. தழுதழுத்த குரல் இல்லை. திரையில் ஒரு பெண் அழவே இல்லை! கையை ஆட்டி, கண்ணைப் பார்த்து, கண்டிப்பாக எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். எங்கள் தெருக்குழாய் முருகேஸ்வரியேதான். சத்தத்தோடு எத்தனையோ தரம் பார்த்தும் எனக்கு அது தெரியவே இல்லை.

“இத அப்படியே மொதலாளிகிட்டச் சொல்லிருவோம்டி,” என்றேன்.

“சொன்னா அண்ணனுக்கும் தெரிஞ்சுருமே யக்கா. நமக்காக மலைக்குப் போயிருக்காரு. அவரு பொழப்புல மண்ணப் போட்டேன்னு நான் எந்த வாயால சொல்றது?”

அந்த நேரம் தவமணியின் ஜீப் வந்தது. இறங்கியவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“எவ்வளவோ சொல்லிட்டேன்மா. எங்க முருகேஸ்வரி அப்படிப் பேசுற புள்ள இல்லைன்னு சத்தியம் பண்ணேன். அவரு வீடியோவப் போட்டுக் காட்டி, இந்த வாய் யாரு வாய்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்றது?”

அப்போதுதான் புல்லாங்குழல் கேட்டது.

பெரிய திரை கட்டிய பிரச்சார வேன்! ஸ்டாண்டு முக்கில் வந்து நின்றது. கூடவே பொறுப்பாளரும் பைக்கில் வந்து இறங்கினார். திரையில் வீட்டு உயரத்துக்கு முருகேஸ்வரியின் முகம். கன்னத்து அழுக்கு ஒரு குடை அகலம் இருக்கும். ‘மொதலாளி அடிச்சாலும் வாங்கிக்கிட்டு...’ என்று ஸ்டாண்டு முழுக்க முழங்கியது. விளம்பரம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது.

முருகேஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேராக வேன்காரரிடம் போனாள்.

“தம்பி, சத்தத்த மட்டும் நிறுத்துங்க. படம் ஓடட்டும்.”

அவர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவருக்கும் அதிர்ச்சிதான். பேசாமல் சத்தத்தை நிறுத்தினார்.

“அண்ணே, போன்ல எடுங்க. பிஜுவுக்கு அனுப்பணும்,” என்று தவமணியிடம் சொல்லிவிட்டுத் திரைக்குக் கீழே போய் நின்றாள். தவமணி போனை உயர்த்திப் பிடித்தார். என்ன வரப்போகிறது என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

திரையில் வாய் அசைந்தது. கீழே முருகேஸ்வரி பேசினாள். முதல் தடவை கொஞ்சம் பிந்திவிட்டது. “மறுபடி ஓடட்டும்,” என்றாள். மைக் இல்லை. அவளுக்கு எதற்கு மைக்? இரண்டாவது தடவை வாயும் வார்த்தையும் ஒட்டிக்கொண்டன.

“இருட்டோட எந்திரிச்சு, ஜீப்புல நெருக்கி அடிச்சுக்கிட்டு மேடு ஏறுறோம். ஒவ்வொரு வளைவுலயும் உசுரக் கையில புடிச்சுக்கிட்டுப் போறோம். எங்களுக்கு ஒரு பஸ்சு விடுங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வேற ஒண்ணும் கேக்கல.”

கடைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றுவிட்டது. ஒரு எழுத்து பிசகவில்லை. ‘பஸ்சு’ என்னும்போது மேலே அந்தப் பெரிய உதடுகள் மூடித் திறந்தன, கீழே இந்த உதடுகளும் மூடித் திறந்தன.

பொறுப்பாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“என்னம்மா நீ! பஸ்சுதான் வேணும்னா அத மொதல்லயே சொல்லக் கூடாதா?”

முருகேஸ்வரி திரும்பித் திரையைக் காட்டினாள். சத்தமில்லாமல் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

“சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன் அண்ணே!”

அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு பைக்கை நோக்கி நடந்தார்.

தவமணி போனைப் பிடித்த கையை இன்னும் இறக்கவில்லை. முகம் கறுத்திருந்தது. முருகேஸ்வரி அவர் பக்கத்தில் போனாள். “அண்ணே...” என்றாள்.

“எஞ் ஜீப்புல ஏறுறதுக்கு அம்புட்டுப் பயமா புள்ள?” என்றார் தவமணி.

“ஆமாண்ணே.”

“எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே.”

“எப்பிடிண்ணே சொல்றது? நீங்கதான வண்டிய ஓட்டுறீக.”

அந்த வீடியோ அவர் போனில் இருந்தது. அனுப்பினால் இவர்களுக்கு வேலை, அவருக்கு மலை முழுக்கக் கெட்ட பேர். அழித்துவிட்டால் கேட்பாரில்லை. தவமணி போனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருத்தியும் ‘அனுப்புங்க’ என்று சொல்லவில்லை, பவுன்தாய்கூட. பிறகு அவர் கட்டைவிரல் அசைந்தது.

“போயிருச்சு,” என்றார்.

டீ வாங்கி, குடித்து, கிளாசைக் கழுவக் கொடுக்கும்போது பதில் வந்தது. பிஜுவின் குரல். “சேச்சி, மொதலாளிக்கு மனசிலாயி. நாளெ எல்லாரும் வந்நோளூ.” முதலாளிக்குப் புரிந்துவிட்டது, நாளைக்கு எல்லாரும் வரலாம். பவுன்தாய் முருகேஸ்வரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். தவமணி யார் முகத்தையும் பார்க்காமல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

“பஸ்சு வர்ற அன்னைக்கு வரட்டும். அதுவரைக்கும் எஞ் ஜீப்புதான். நாளையிலருந்து ஆளக் கொறச்சு ரெண்டு நடையா ஏத்துறேன். அதனால வெரசா வந்துருங்க, சொல்லிட்டேன்!”

விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் ஊரில் மட்டும் அதை யாரும் சத்தம் வைத்துப் பார்ப்பதில்லை.